1,200 சிசி, 4 மீட்டர்: கார்கள் பெரிதாகும்போது எஞ்சின்கள் மட்டும் ஏன் சிறிதாகின்றன?

நீலசந்திராவில் என் மாமா வீடு இருக்கும் சந்துக்குள் ஒரு கார் வர வேண்டுமென்றால் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்க வேண்டும். எதிரில் தண்ணீர் லாரி வந்துவிட்டால் யாராவது ஒருவர் மெயின் ரோடு வரை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அந்தச் சந்துக்குத்தான் மாமா பையன் போன வருஷம் ஒரு புது எஸ்யூவி வாங்கி வந்தான். உயரம், அகலம், சன்ரூஃப் எல்லாம் பார்த்துவிட்டு மாமா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சிசி?" 998 என்றான். "என்னடா, வெளியே யானை மாதிரி இருக்கு, உள்ளே மிக்சி மோட்டாரா?"

மாமா கேட்டதில் தப்பில்லை. அவர் காலத்து அம்பாசடரில் இருந்தது 1,489 சிசி எஞ்சின். பிரீமியர் பத்மினியில் 1,089 சிசி. பெரிய எஞ்சின் என்றால் பெரிய வண்டி, சின்ன எஞ்சின் என்றால் மாருதி 800 என்பதுதான் ஒரு தலைமுறையின் கணக்கு. அந்தக் கணக்கு இப்போது உடைந்துவிட்டது. 2024-ல் இந்தியாவில் அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். பார்க்க எஸ்யூவி, எஞ்சின் 1,199 சிசி, மூன்றே சிலிண்டர். ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் டர்போ மாடல்களில் 998 சிசி. நிசான் மேக்னைட்டில் 999 சிசி. ஸ்கோடா கைலாக்கிலும் 999 சிசி.

இந்த 998, 999, 1,197, 1,199 எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல. எஞ்சின் டிசைனர்கள் தொட்டுவிடாமல் நின்ற கோடுகள் இருக்கின்றன. கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் அந்தக் கோடுகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சில சமயம் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வரும்.

1,200 என்ற எண் எங்கிருந்து வந்தது?

2006 பிப்ரவரி பட்ஜெட்டிலிருந்து. அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார் என்பதற்கு அப்போது ஒரு வரையறை எழுதப்பட்டது: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் தையல்காரர் கதைபோல இருக்கும். டாடா நிறுவனம் இண்டிகோ செடானின் வாலை வெட்டி 2008-ல் இண்டிகோ சிஎஸ் கொண்டுவந்தது. மாருதியின் முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மி.மீ நீளம், 2012-ல் வந்த இரண்டாவது டிசையர் 3,995 மி.மீ. டிக்கியில் கத்தி வைத்ததுபோல இருக்கும் அந்தக் கார் ஞாபகம் இருக்கிறதா? அழகுக்காக வெட்டியதல்ல, வரிக்காக வெட்டியது. எஞ்சினிலும் அப்படித்தான். ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 1,298 சிசி. 2010-ல் அதன் இடத்துக்கு 1,197 சிசி வந்தது.

2013-ல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்தபோது ஆட்டம் மாறியது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான அந்த வண்டியின் நீளம் 3,999 மி.மீ, ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம். அதன் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் 999 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. சர்வதேச அளவில் 'ஆண்டின் சிறந்த எஞ்சின்' விருதை 2012, 2013, 2014 என வரிசையாக மூன்று வருஷம் வாங்கிய எஞ்சின் அது. ஒரு லிட்டர் எஞ்சினாலும் எஸ்யூவியை இழுக்க முடியும் என்று இந்தியாவில் பலர் முதலில் பார்த்தது அதில்தான். ஃபோர்டு 2021-ல் இந்தியத் தயாரிப்பை மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் அது காட்டிய வழியில்தான் இன்று எல்லோரும் போகிறார்கள்.

2025 செப்டம்பருக்குப் பிறகு என்ன மாறியது?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அதே 4 மீட்டர், 1,200 சிசி கோடு அப்படியே தொடர்ந்தது. சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, மேலே 1 சதவீதம் செஸ், மொத்தம் 29. கோட்டைத் தாண்டிய நடுத்தரக் காருக்கு 28-உடன் 17 சேர்த்து 45. பெரிய எஸ்யூவிகளுக்கு 50.

2025 செப்டம்பர் 22 முதல் செஸ் ஒழிந்தது. சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு முன்புபோலவே 5.

எல்லோருக்கும் விலை குறைந்ததுதான் அப்போது தலைப்புச் செய்தி. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. முன்பு கோட்டுக்கு இந்தப் பக்கம் 29, அந்தப் பக்கம் 45. இடைவெளி 16 புள்ளி. இப்போது 18-க்கும் 40-க்கும் நடுவே 22 புள்ளி. அதாவது எல்லோருக்கும் வரி குறைந்தாலும் கோட்டைத் தாண்டுவதற்கான தண்டனை கூடியிருக்கிறது. ஒரு கார் கம்பெனியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அடுத்த மாடலுக்கு 1,199 சிசி போதுமா, 1,300 வைக்கலாமா என்ற மீட்டிங்கில் இனி யாரும் அதிகம் பேச மாட்டார்கள்.

கோட்டின் விசித்திரத்துக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். மாருதி பிரெஸ்ஸாவின் நீளம் 3,995 மி.மீ, ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி. நீளத்தில் பாஸ், எஞ்சினில் ஃபெயில், வரி 40 சதவீதம். ஃபோக்ஸ்வேகன் டைகுன் அதற்கு நேர் எதிர். 1 லிட்டர் மாடலில் எஞ்சின் 999 சிசிதான். நீளம் 4,221 மி.மீ. எஞ்சினில் பாஸ், நீளத்தில் ஃபெயில், அதற்கும் 40. டைகுனில் இருக்கும் அதே குடும்பத்து 999 சிசி எஞ்சினை 3,995 மி.மீ கைலாக்கில் போட்டால் 18. எஞ்சின் ஒன்று, புகை ஒன்று, வரி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

பெங்களூரில் கார் வாங்குபவருக்கு இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. கர்நாடகாவில் ஆயுள் வரி, அதாவது ரோடு டாக்ஸ், காரின் விலையைப் பொறுத்தது. 5 முதல் 10 லட்சம் வரை 14 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 17 சதவீதம், செஸ் தனி. ஜிஎஸ்டி சேர்ந்த விலை மேல்தான் இந்த வரி விழும்.

ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். பழைய வரியில் எக்ஸ்-ஷோரூம் 10.30 லட்சம். அதிலிருந்து 29 சதவீதத்தை எடுத்துவிட்டு 18 போட்டால் சுமார் 9.42 லட்சம். இங்கேயே 88 ஆயிரம் மிச்சம். இதோடு முடியவில்லை. பழைய விலையில் 17 சதவீத ரோடு டாக்ஸ் 1.75 லட்சம், புது விலை 10 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டதால் 14 சதவீதம்தான், 1.32 லட்சம். இன்னொரு 43 ஆயிரம். ஆக மொத்தம் 1.31 லட்சம். விளம்பரத்தில் வரும் 'ஜிஎஸ்டி குறைப்பு' தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி கண்ணில் படாது. ஷோரூமில் கொட்டேஷன் வாங்கும்போது எக்ஸ்-ஷோரூம் விலை 10 லட்சத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு வேரியன்ட் கீழே இறங்கினால் கிடைக்கும் லாபம், அந்த வேரியன்ட்டின் விலை வித்தியாசத்தைவிட அதிகமாக இருக்கும்.

இன்சூரன்ஸில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் 1,000 சிசிதான் எல்லை. 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி 1,000 சிசி வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1,000-க்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும்: முதல் பிரிவில் 6,521, இரண்டாவதில் 10,640. பெரிய தொகை இல்லைதான். ஆனால் இதிலும் வேடிக்கை உண்டு. 115 பிஎஸ் பவர் கொண்ட 999 சிசி டர்போவுக்கு பிரீமியம் குறைவு. அதைவிட சாதுவான 1,197 சிசி ஹேட்ச்பேக்குக்கு அதிகம். சிசியை வைத்து ஆபத்தை அளப்பது டர்போ வருவதற்கு முந்தைய காலத்துப் பழக்கம்.

சரி, சின்ன எஞ்சினுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம்?

எஞ்சின் எரிப்பது பெட்ரோலை மட்டுமல்ல, பெட்ரோலோடு காற்றையும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். சிசி என்பது சிலிண்டர்கள் ஒரு சுற்றில் இழுக்கக்கூடிய இடத்தின் அளவு. சாதாரண எஞ்சின் தானாக மூச்சிழுக்கும். டர்போ எஞ்சினில், வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தால் ஒரு சின்ன சக்கரம் சுழலும். அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்கூடப் போகும். அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கும். ஒரு லிட்டர் இடத்துக்குள் ஒன்றரை லிட்டர் காற்று போனால், தேவைப்படும்போது ஒன்றரை லிட்டர் எஞ்சினின் வேலை நடக்கும்.

மாருதியின் 998 சிசி சாதாரண எஞ்சின், ஆல்ட்டோ கே10, வேகன்ஆர் போன்றவற்றில் இருப்பது, சுமார் 67 பிஎஸ் தரும். அதே 998 சிசியில் வென்யூ டர்போ 120 பிஎஸ். மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ-வின் 1.2 லிட்டர் நேரடி இன்ஜெக்ஷன் டர்போ 131 பிஎஸ், 230 நியூட்டன் மீட்டர் டார்க். மாமாவின் மிக்சி மோட்டார் அம்பாசடரைவிட இரண்டு மடங்குக்கு மேல் பலசாலி.

மைலேஜ் எப்படிக் கூடுகிறது? பெட்ரோல் எஞ்சினில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்த ஒரு மூடி, த்ராட்டில், இருக்கும். பெரிய எஞ்சினை மெதுவாக ஓட்டும்போது அந்த மூடி முக்கால்வாசி மூடியே இருக்கும். ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவதுபோல எஞ்சின் காற்றை இழுக்கவே சிரமப்படும். சின்ன எஞ்சினுக்கு அதே வேலைக்கு மூடி அகலமாகத் திறக்கும், சிரமம் குறையும். நாலுக்குப் பதில் மூன்று சிலிண்டர் என்றால் உராயும் பாகங்களும் குறைவு, எடையும் குறைவு. பதிலுக்கு சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வரும். அது மூன்று சிலிண்டரின் பிறவிக் குணம், ரிப்பேர் இல்லை.

ஆனால் இதெல்லாம் மிதமாக ஓட்டும்வரைதான். டர்போவை மிதித்து ஓட்டினால் உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப பெட்ரோலும் போகும். கம்பெனி சொல்லும் மைலேஜ் ஆய்வகத்தில் ரோலர் மேல் ஓட்டி எடுத்தது. எஜிபுரா ஜங்ஷனில் மாலை 7 மணிக்கு எடுத்தது அல்ல. டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூரில் 10 கி.மீ கடக்க சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி. மணிக்கு சுமார் 17.5 கி.மீ. இந்த வேகத்தில் டர்போ பெரும்பாலும் விழித்துக்கொள்ளவே செய்யாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 120 பிஎஸ், ஓசூர் ரோடில் தூங்கிக்கொண்டே வரும். ஊர்ந்து ஊர்ந்து போகும்போது 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே சில டர்போ எஞ்சின்களில் ஒரு சோம்பல் இருக்கும். கிளட்சை அடிக்கடி மிதிக்க வேண்டியிருக்கும்.

அப்போ பெங்களூர்க்காரருக்கு டர்போ தேவையே இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் ஊரின் உயரம் வருகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி 8, 9 சதவீதம் குறைவு. தானாக மூச்சிழுக்கும் எஞ்சினுக்கு அந்த அளவு பலம் அப்படியே குறையும். 67 பிஎஸ் என்று பிரோஷரில் போட்டிருக்கும் வண்டி நீலசந்திராவில் தோராயமாக 61 பிஎஸ் வண்டி. ஊட்டிக்கு ஏறினால், 2,240 மீட்டர் உயரத்தில், இழப்பு 20 சதவீதத்தை எட்டும். டர்போ எஞ்சின் காற்றைத் தானே அமுக்கிக்கொள்வதால் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். விமர்சன வீடியோக்களில் இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அதனால் கேள்வி 'எத்தனை சிசி' என்பதல்ல. வண்டி எங்கே ஓடப்போகிறது என்பது. வாரத்தில் ஐந்து நாள் கோரமங்களா, சாந்திநகர் என்று சுற்றிவிட்டு எப்போதாவது ஓசூர் போய்வருகிறவர்களுக்கு சாதாரண 1 லிட்டரோ 1.2 லிட்டரோ தாராளம். டர்போ இல்லை என்றால் பராமரிப்பும் எளிது: ஆயில் மாற்றுவதில் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் மன்னிக்கும். டர்போ அவ்வளவு பெரிய மனசுக்காரர் இல்லை. அந்தச் சக்கரத்தின் பேரிங் எஞ்சின் ஆயிலை நம்பித்தான் சுழல்கிறது. கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது.

மாதம் இரண்டு முறை அஞ்சு பேர், லக்கேஜ், ஏசியோடு கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஊருக்குப் போகிறவர்கள் கதை வேறு. திரும்பி வரும் வழியில் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முன்னால் ஒரு சரக்கு லாரி, பின்னால் ஒரு ஆம்னி பஸ். அந்த இடத்தில் மூன்றாவது கியருக்கு இறங்கி, ஏசியை அணைத்து, மூச்சைப் பிடித்து முந்திய அனுபவம் பலருக்கும் இருக்கும். 170 நியூட்டன் மீட்டர் டார்க் அங்கே சொகுசு அல்ல, பாதுகாப்பு.

நடுவில் ஒன்று: ஆட்டோமேட்டிக் வாங்குவதாக இருந்தால் எஞ்சினைப் போலவே கியர்பாக்ஸையும் கேளுங்கள். ஏஎம்டி மலிவு, ஆனால் டிராஃபிக்கில் தலையாட்டும். ட்ரை கிளட்ச் டிசிடி வேகமானது, ஆனால் ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். டெஸ்ட் டிரைவுக்கு காலை 10 மணி காலி ரோடைத் தேர்ந்தெடுத்துத் தருவார்கள். மாலை 6 மணிக்குக் கேட்டு வாங்குங்கள்.

டீசல் எங்கே போனது?

சுருக்கமாக: 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தது. சின்ன டீசல் எஞ்சினின் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளின் செலவு காரின் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. மாருதி டீசலையே விட்டுவிட்டது. 'தேசிய எஞ்சின்' என்றே செல்லமாக அழைக்கப்பட்ட 1,248 சிசி ஃபியட் மல்டிஜெட் ஓய்வு பெற்றது. ஊருக்கு நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு டீசல் விட்டுச்சென்ற இடத்தில்தான் சின்ன டர்போ பெட்ரோல் வந்து உட்கார்ந்தது.

உலகம் முழுக்க இப்படித்தானா?

வரி எங்கே கோடு போடுகிறதோ அங்கே எஞ்சின் நிற்கும். ஜப்பானில் கெய் என்ற குட்டிக் கார் வகைக்கு 660 சிசி, 3.4 மீட்டர் எல்லை. மாருதி 800-ன் மூதாதையர் அந்தக் கெய் குடும்பத்து சுசுகிதான். சீனா 1.6 லிட்டருக்குள் இருந்த கார்களுக்கு 2009-லும் 2015-லும் வாங்கும் வரியைப் பாதியாக்கியது. எனக்குப் பிடித்த உதாரணம் இத்தாலி. 2,000 சிசிக்கு மேல் போனால் வரி எகிறும் என்பதால் ஃபெராரியே 1980-ல் 1,991 சிசி வி8 எஞ்சின் போட்ட 208 என்ற மாடலை விற்றது. ஓட்டியவர்கள் பவர் போதவில்லை என்றதும் 1982-ல் அதற்கு டர்போ மாட்டினார்கள். ஃபெராரிக்கே அந்த நிலை என்றால் நமக்கென்ன.

ஐரோப்பாவில் மட்டும் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நிஜச் சாலையில் புகையை அளக்கும் சோதனை வந்த பிறகு, மிகச் சின்ன எஞ்சினை மிதித்து ஓட்டினால் கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தது. ஃபோக்ஸ்வேகன் தன் 1.4 லிட்டர் டர்போவை 1.5 ஆக்கியது.

இதில் யாருக்கு லாபம், யார் வெளியே நிற்கிறார்கள்?

2024-25 நிதியாண்டில் இந்தியாவில் சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்கள் விற்றன. அதில் 65 சதவீதம் எஸ்யூவி உள்ளிட்ட யுட்டிலிட்டி வண்டிகள். சின்ன எஞ்சின் வளர்ந்தது, சின்ன கார் வளரவில்லை. 5 லட்சத்துக்குக் கீழ் விலையுள்ள கார்களின் விற்பனை 2015-16-ல் 9 லட்சத்துக்கு மேல் இருந்தது; 2024-25-ல் சுமார் 25 ஆயிரம் என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: பத்து வருஷத்தில் பணவீக்கம், ஏர்பேக், பிஎஸ்-6 எல்லாம் சேர்ந்து அதே கார்களையே 5 லட்சத்துக்கு மேல் தள்ளிவிட்டன. கார் மறைந்தது பாதி, விலை மாறியது பாதி. ஆனாலும் அடிப்படை உண்மை மாறாது. பைக்கில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கும் முதல் காருக்கும் நடுவே தூரம் கூடிவிட்டது.

2025 ஜிஎஸ்டி குறைப்புக்குப் பின் மாருதி எஸ்-பிரெஸ்ஸோவின் ஆரம்ப விலையை 3,49,900 ரூபாய்க்கும் ஆல்ட்டோ கே10-ஐ 3,69,900 ரூபாய்க்கும் இறக்கியது. அந்தக் குடும்பத்தை நோக்கிய விலை அது. ஆனால் அதே 18 சதவீதம்தான் சன்ரூஃப், வென்டிலேட்டட் சீட் உள்ள 12 லட்சம் ரூபாய் குட்டி எஸ்யூவிக்கும். 2006-ல் எழுதிய வரையறையில் எடை இல்லை, விலை இல்லை, புகையின் அளவும் இல்லை.

இதையொட்டித்தான் அடுத்த சண்டை. கார் கம்பெனிகளின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கான கஃபே விதியின் மூன்றாம் கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த வரைவில் 4 மீட்டர், 1,200 சிசியோடு மூன்றாவதாக ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: எடை 909 கிலோவுக்குள். அந்த வரம்புக்குள் வரும் பெட்ரோல் கார்களுக்கு மட்டும் சலுகை. ஆல்ட்டோ போன்றவை உள்ளே வரும். ஒரு டன்னுக்கு மேல் இருக்கும் குட்டி எஸ்யூவிகள் வராது. சின்ன கார் அதிகம் விற்கும் கம்பெனிக்கு இனிப்பு, மற்றவர்களுக்குக் கசப்பு. எதிர்ப்பும் உடனே கிளம்பியது. எடை என்ற கோடு நிலைத்தால், இனி கத்தி டிக்கியில் அல்ல, கதவின் இரும்பில் விழும். கிராஷ் டெஸ்ட் ஸ்டார்களை எண்ணிக் கார் வாங்கப் பழகிய நேரத்தில் இது வருகிறது.

மாமா பையன் இப்போதெல்லாம் சிசி பற்றிப் பேசுவதில்லை. 20-க்கு 30 சைட்டில் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் மாமாவின் ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், இரண்டு வாடகைக் குடும்பங்களின் பைக்குகள் போக மீதியிருந்த இடம் 13 அடி 4 அங்குலம். 3,995 மி.மீ என்றால் 13 அடி 1 அங்குலம்.

"மூணு அங்குலம் மிச்சம்டா" என்கிறார் மாமா. கேட்டை மட்டும் வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டார்கள்.